மூன்பீம் கிளப்புக்கு எதிரான போர்

உலக வரலாற்றிலேயே, பிறர் தேர்ந்தெடுத்த பாட்டைத் தன் காதுக்குள் விடாத ஒரே மனிதன் தான்தான் என்று 1985 அக்டோபரில், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு கல்லூரி விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் டுவைட் ஹாஸ்கல் அறிவித்தான். முகத்தில் சிரிப்பே இல்லை.

"அப்போ உங்கம்மா பாடின தாலாட்டு?" என்று கேட்டான் அறைத்தோழன் மெர்ல்.

"அதுக்கும் நான் சம்மதிக்கல. அழுது எதிர்ப்பு காட்டினேன்."

வெள்ளிதோறும் மாலை நாலு மணிக்குக் கல்லூரி வானொலியில் டுவைட்டுக்கு ஒரு நிகழ்ச்சி உண்டு. யாரோ நாலு பேர் கராஜில் பதிவுசெய்து, உறையைக் கையால் ஒட்டி விற்கும் இசைத்தட்டுகளைத் தவிர வேறெதையும் போடமாட்டான். அந்த நிகழ்ச்சிதான் அவனுக்கு உயிர்.

அவனுடைய எதிரி மூன்பீம் இசைத்தட்டு கிளப். அட்டையில் ஒரு சென்ட் காசை ஒட்டி அனுப்பினால் ஒரு கட்டுத் தட்டுகள் வீடு வந்து சேரும். அதன்பிறகு மாதாமாதம் 'வேண்டாம்' என்று எழுதிப் போடாதவருக்கு, கிளப்பே பார்த்து அந்த மாதத்துக்கென்று எல்லோருக்கும் ஒரே தட்டை அனுப்பிவைக்கும். எழுதிப் போடுகிற சுறுசுறுப்பு விடுதியில் எவனுக்கும் கிடையாது. வந்த பொட்டலத்தைப் பிரிக்காமல், மேலே 'மறுக்கிறேன்' என்று எழுதிக் கொடுத்தால் தபால்காரர் திரும்ப எடுத்துப்போவார். பிரித்துவிட்டால் அது உங்கள் தலையில்.

டுவைட் வானொலியில் போர் முழக்கம் செய்தான். வரும் வெள்ளிக்கிழமை விடுதியின் அத்தனை பொட்டலங்களும் பிரிக்கப்படாமல் திரும்பிப் போகும். ஒன்றே ஒன்று தங்கினாலும் இந்த நிகழ்ச்சியை விட்டே விலகிவிடுவேன் என்றான். நிலையப் பொறுப்பாளர் கிரெட்சன் அதைக் கவனமாகக் குறித்துக்கொண்டாள். அந்த நேரத்தைக் கேட்டு அக்கார்டியன் வாத்தியம் வாசிக்கும் சங்கத்துக்காரர்கள் ஒரு வருஷமாக அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

மறுப்பதென்றால் முதலில் உறுப்பினராக இருக்க வேண்டுமே! ஆகவே டுவைட்டும் முன்பே சேர்ந்திருந்தான். கொள்கைக்காக.

வெள்ளி மதியம் விடுதி வாசலில் பொட்டலங்கள் குவிந்தன. தபால்காரர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். மெர்ல் மட்டும் தன்னுடையதை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றான்.

"போடுடா மெர்ல்."

"மாட்டேன்."

"டேய், கம்பெனிக்காரன் அனுப்பறதை எல்லாம் கேட்டா நீ ஆட்டுக்குட்டிடா."

"எங்க ஊர்ல ரெக்கார்டு கடையே கிடையாது. உள்ள என்ன இருக்குன்னு தெரியாம பிரிக்கிறேன் பாரு, அதுதான் எனக்கு சுகம். அவன் சொன்னா கேக்கக் கூடாது, நீ சொன்னா கேக்கணுமா? நீ என்ன, சம்பளம் வாங்காத கம்பெனியா?"

கூட்டம் சிரித்தது. எல்லோரும் பார்க்க, மெர்ல் பேனாக்கத்தியை எடுத்து உறையைச் சரக்கென்று கிழித்தான். அட்டையில் வெள்ளைக் கோட்டு போட்ட பாடகர் ஒருவர் வயலின் கூட்டத்துக்கு நடுவே இளித்துக்கொண்டிருந்தார்.

"அய்யய்யோ, பல் டாக்டர் கல்யாணம் பண்ணிக்கிற மாதிரி இருக்கே!" என்றான் டுவைட்.

"இருக்கட்டும். கல்யாணத்துக்கு நான் போறேன்."

மெர்ல் மாடியேறிப் போய் அறைக்கதவை அகலத் திறந்துவைத்து, ஊருக்கே கேட்கும்படி போட்டான். டுவைட் பின்னாலேயே ஓடினான். வயலின்கள் ஏறின, மேலும் ஏறின, எங்கேயோ போய் விழப்போகிற இடத்தில் தயங்கின. அந்த நொடியில் டுவைட் கதவை அறைந்து சாத்திவிட்டு வந்துவிட்டான்.

நாலு மணிக்கு நிலையத்தில் கிரெட்சன் காத்திருந்தாள். "இன்னைக்கு கடைசி. வாக்கு வாக்குதான், தலைவரே."

"தெரியும்."

நேயர்கள் காதால் கேட்கும்படி மறுப்பதற்கென்று தன் பொட்டலத்தை டுவைட் கையோடு கொண்டுவந்திருந்தான். ஒலிவாங்கி முன் முழங்கினான். "ஒருத்தன் வளைஞ்சிட்டான். நான் வளையல. இந்த நிகழ்ச்சி போனாலும் என் காது என்னுடையது!" பேனாவை அழுத்தி 'மறுக்கிறேன்' என்று எழுதினான். அந்தக் கிறீச்சொலி மாவட்டம் முழுக்கக் கேட்டிருக்கும். பிறகு கராஜ் கூட்டம் ஒன்றின் நீண்ட இரைச்சலைப் போட்டுவிட்டு ஒலிவாங்கியை அணைத்தான்.

கிரெட்சன் காப்பி எடுக்க வெளியே போனாள்.

அந்த வயலின்கள் கடைசியில் எங்கே போய் விழுந்தன?

டுவைட் கதவைப் பார்த்தான். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டான். கட்டைவிரல் நகத்தால், சத்தம் வராமல், பொட்டலத்தின் ஓரத்தைக் கீறினான். இசைத்தட்டைச் சுழற்றும் இரண்டாவது மேடை காலியாகத்தான் இருந்தது.