தலைவரின் சட்டையில் ஒரு லேயர்

வணிகர் சங்கத் தலைவரின் வெள்ளைச் சட்டையில் டிசைனரின் மனைவி தெரியத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை. காகித விலை ஏறியதும் அன்றுதான். ஊர் விலையைப் பற்றித்தான் அதிகம் பேசியது.

தவறு டிசைனருடையது. தோல் நிறம் பிசகாமல் வருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க, எந்தப் பேனரானாலும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படங்களில் மனைவியின் படத்தை அடி லேயரில் வைத்துக்கொள்வான், முடிந்ததும் அணைத்துவிடுவான். அந்த முறை தலைவரே பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "நான் வானத்தோட வானமா கலந்த மாதிரி இருக்கணும், தம்பி" என்று நச்சரித்தார். அவர் படத்தை மல்டிப்ளை என்ற கலப்பு முறையில் போட்டான். அதில் வெள்ளையெல்லாம் கரைந்து அடியில் இருப்பது தெரியும். கறுப்பு மட்டும் அசையாமல் நிற்கும். தலைவரோ தலைமுதல் கால்வரை வெள்ளை உடுத்துபவர், தேர்தலில் அவர் காட்டிய ஒரே தகுதி அதுதான். நச்சரிப்பில் அடி லேயரை அணைக்க மறந்து, எல்லா லேயரையும் ஒன்றாக்கிச் சேமித்து அச்சுக்கு அனுப்பினான். பேனர் தெருமுனையில் ஏறியது. வீட்டுக்குப் போனால் அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது, மனைவியைக் காணோம். தலைவரின் சட்டையில் இருந்தாள்.

ஒன்றாக்கிய லேயரைப் பிரிக்க வழியில்லை. பழைய கோப்பின் மேலேயே சேமித்திருந்தான். பேனரைக் கிழித்தார்கள், ஒன்றும் மாறவில்லை; தலைவர் எந்த வெள்ளையை உடுத்தினாலும் அதில் அவள் இருந்தாள். தலைவர் கறுப்புச் சட்டை போட்டுப் பார்த்தார். அவள் மறைந்தாள், ஆனால் பேச்சின் நடுவே அவர் நெஞ்சிலிருந்து, "மூச்சு முட்டுது, முதல்ல இதக் கழட்டுங்க" என்று குரல் வந்தது. அன்றைக்குக் கூட்டம் கைதட்டியது அதற்கு மட்டும்தான். தலைவர் வெள்ளைக்கே திரும்பினார்.

"ஏங்க, இந்தாளு பேச்ச இன்னும் எத்தன நாளைக்குக் கேக்கணும்?" என்றாள் அவள். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றான் டிசைனர். புதிய மென்பொருள் வந்தது, அதற்கும் புதியது வந்தது. அவன் பார்த்துக்கொண்டேதான் இருந்தான். தலைவர் மூன்று முறை ஜெயித்தார், கேட்டால் எல்லாம் தன் உழைப்பு என்பார். சட்டையிலிருக்கும் அக்காவின் முகம் மறையக் கூடாதென்று தையல்காரர் சட்டைப்பையை வலப்பக்கம் மாற்றித் தைத்தார். யாரும் காரணம் கேட்கவில்லை.

கூட்டம் முடிந்து தலைவர் காரில் ஏறும்போது, டிசைனர் ஓரமாக நின்று கையசைப்பான். தமக்குத்தான் என்று நினைத்து அவரும் பெருந்தன்மையாகக் கையசைப்பார். அவளால் முடியாது. நிறம் பார்க்க முகம் போதுமே என்று, அந்தப் படத்தை அவன்தான் தோளோடு வெட்டியிருந்தான்.