ஒரு விரற்கடை தூரம்

ஆவணப்படத்திலிருந்து தப்பித்துப்போன கம்படி முதலில் உடைத்தது, நூலக அரங்கின் மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு காலி நாற்காலியை. முதுகுப் பலகை இரண்டாகப் பிளந்தது. விளக்குப் போட்டதும் எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். பழைய மரம், காய்ந்து வெடித்திருக்கும் என்று ஒருவர் சொல்ல, மற்றவர்களும் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். படம் எடுத்தவளும் போனாள்.

படம் கம்புச் சண்டையைப் பற்றியது. யாரிடமும் போய் நிற்காமல், சொந்தக் கேமராவை வைத்து விடுமுறை நாட்களில் எடுத்தது. அதில் கம்பு சுற்றுகிறவள் அவளுடைய நாத்தனார், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். எதிரே நிற்பது இவள் புருஷன், லிஃப்ட் ரிப்பேர்க்காரன், அக்கா கையால் அடி வாங்கியே வளர்ந்தவன். கடைசிக் காட்சியில் அக்கா முழு வேகத்தில் தம்பியின் இடது புருவத்துக்குக் கம்பை இறக்கி, ஒரு விரற்கடை முன்னால் நிறுத்துவாள். அந்த வித்தையில் அடிப்பது பெரிதில்லை, நிறுத்துவதுதான் எல்லாம். ஆனால் எடிட்டிங்கில் பார்த்தபோது கம்பு நிற்கிற இடம் சப்பென்று இருப்பதாக இவளுக்குப் பட்டது. நிற்பதற்கு ஒரு நொடி முன்பே வெட்டி, திரையை இருட்டாக்கிவிட்டாள். பார்த்தவர்கள் மூச்சைப் பிடித்தார்கள். அந்த வெட்டை எல்லாரும் வாய்நிறையப் புகழ்ந்தார்கள். நிறுத்தப்படாத அடி ஒன்று வெளியே திரிவது யாருக்கும் தெரியாது.

அடுத்து வேறொரு ஊரில் படம் ஓடியது. அதே நேரத்தில் இவர்கள் தெருமுனையில் நின்ற வேனின் கண்ணாடி நொறுங்கியது. அதற்கடுத்த முறை பக்கத்து வீட்டு ஜன்னல். பிறகு இவர்கள் வீட்டு நிலைக்கதவில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு பள்ளம். அவள் புருஷனைக் கதவோரம் நிற்கவைத்துப் பார்த்தாள். பள்ளம் அவனுடைய இடது புருவத்துக்கு நேராக இருந்தது. அந்த வாரமே, அவன் லிஃப்டுக்குள் கீழே விழுந்த ஸ்பேனரை எடுக்கக் குனிந்தபோது, தலை இருந்த இடத்தில் இரும்புச் சுவர் ஒடுங்கியது. எங்கோ ஒரு வகுப்பறையில் அப்போது படம் போட்டிருந்தார்கள்.

அதன்பின் அவன் குனிந்தே நடந்தான், தரையில் உட்கார்ந்தே சாப்பிட்டான், கட்டிலுக்கு அடியில் தூங்கினான். எதற்கெடுத்தாலும் கிண்டல் பேசுகிறவன் வாயை மூடிக்கொண்டான். ஒரே ஒருமுறை சொன்னான்: "அக்கா அடிச்சா வாங்கிக்கலாம். ஆளே இல்லாம அடி வந்தா யார்கிட்டப் போய்ச் சொல்றது?" அவளுக்கோ பயமென்றால் அப்படியொரு பயம். வெட்டிய துண்டை மறுபடி ஒட்டி, இனி இதைப் போடுங்கள், அந்தப் பழைய படத்தைப் போடாதீர்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கெஞ்சினாள். அது எத்தனை பேர் கைபேசியில் இருந்ததோ, யாருக்குத் தெரியும்? எந்த ஊரில் எவனாவது பொழுது போகாமல் ஒரு பட்டனைத் தட்டினால் போதும், அவள் தாலி அறுந்துவிடும்.

கடைசியில் நாத்தனாரிடம் போய் அழுதாள். நாத்தனார் திட்டவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. பிரேக் பிடிக்கிற நேரத்தில் காலைத் தட்டிவிட்டால் வண்டி எங்கே நிற்கும் என்று கேட்டாள். "நான் நிறுத்திட்டேன். நீதான் நிக்க விடல." ஞாயிற்றுக்கிழமை மதியம் கம்போடு வந்து, தம்பியைக் கூடத்தின் நடுவில், படத்தில் நின்ற மாதிரியே நிமிர்ந்து நிற்கச் சொன்னாள். வெட்டிய படத்தையே போடச் சொன்னாள்.

"அண்ணி, கை தவறிட்டா?" என்றாள் இவள்.

"தவறும்னு நினைச்சா ஸ்டியரிங்கைத் தொட முடியுமா? போடு. கேமராவையும் வை. இந்தத் தடவை நிக்கிற வரைக்கும் எடு."

அவள் கேமராவை ஓடவிட்டு, படத்தைப் போட்டாள். புருஷன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். திரை இருண்டதும் கூடத்துக் காற்று கிழிந்தது. அதே கணத்தில் நாத்தனாரின் கம்பும் இறங்கியது. வந்த அடியும் அவள் அடியும் வழியில் ஒன்றாகி, புருவத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றன. அவன் மெல்லக் குனிந்து கம்புக்கு அடியிலிருந்து வெளியே வந்து, சுவரோரம் உட்கார்ந்து, சிறுபிள்ளை மாதிரி அழுதான். நாத்தனார் இரண்டு கைகளையும் விலக்கினாள். கம்பு கீழே விழவில்லை.

கேமராவை அணைக்கப் போன இவள் விரல் பாதியிலேயே நின்றது. இங்கே வெட்டினால் என்ன ஆகும்? அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

இதெல்லாம் நடந்து வருஷங்கள் ஆகின்றன. கம்பு இன்னும் கூடத்தின் நடுவில் அந்தரத்தில் நிற்கிறது. வேலையிலிருந்து வந்ததும் அவன் தொப்பியை அதில்தான் மாட்டுகிறான். எங்கோ யாரோ அந்தப் படத்தைப் போடும்போது தொப்பி லேசாக ஆடும், வீட்டில் பேச்சு நிற்கும், ஆட்டம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து பேசுவார்கள். கேமராவும் ஓடிக்கொண்டே இருக்கிறது. மின்சாரம் போனால் மாற்றுவதற்கு பேட்டரி எப்போதும் தயார். அதன் முன்னால்தான் மகள் தவழ்ந்தாள், நடந்தாள், கம்புக்குக் குனிகிற உயரத்துக்கு வளர்ந்தாள். அடுத்த படம் எப்போது முடியும் என்று வருகிறவர்கள் கேட்டால், மனைவியை முந்திக்கொண்டு அவன் பதில் சொல்கிறான்: "அவ இப்பல்லாம் எதையும் வெட்டுறதில்லைங்க." பிறகு, தலையைப் பார்த்துக் குனிந்து வரும்படி சொல்லி, அவர்களைச் சாப்பிட உள்ளே அழைத்துப் போகிறான்.