மூன்றாம் மாடித் தரைக்குப் பயிற்சி

உலகம்மாளின் குதிகால் வலிக்கு உடற்பயிற்சி செய்ய வேண்டியது அவள் இல்லை, அவள் நிற்கும் தரைதான் என்று பிசியோதெரபிஸ்ட் ஜெனிட்டா சொன்னாள்.

"உங்க காலு நல்லாத்தான் இருக்குக்கா. தரைதான் இறுகிக் கெடக்கு. அடுத்த தடவை கூட்டிட்டு வாங்க."

உலகம்மாளுக்கு ஜவுளிக்கடையின் மூன்றாம் மாடியில், பட்டுப் பிரிவில் வேலை. கடை திறந்தது முதல் சாத்தும்வரை நின்றுகொண்டே சேலை விரிப்பாள். விடிந்து எழுந்து வைக்கும் முதல் அடியிலேயே குதிகாலில் ஆணி இறங்கும். இப்படியே போனால் வேலையை விட வேண்டியதுதான். விட்டால் வீட்டில் அடுப்பெரியாது.

சூப்பர்வைசர் துரைப்பாண்டியிடம் கேட்டாள்.

"அண்ணாச்சி, செவ்வாக்கெழமை தரையை அனுப்புங்க. பிசியோதெரபியில பாக்கணுங்காங்க."

"ஆடித் தள்ளுபடி ஓடுது. மத்தியானத்துக்குள்ள வந்திரணும்."

தரையைப் பாயைப்போலச் சுருட்டி, பேருந்து மாறி ஜெனிட்டாவிடம் கொண்டுபோனாள். தரை சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு ஓரத்தைப் பின்னால் நீட்டி, மெல்ல முன்னால் சாய்ந்தது. பிறகு துண்டை மாட்டி இழுத்தது. நடுவில் எங்கோ மடக்கென்று ஒரு சத்தம்.

"மூச்சை அடக்காதீங்க" என்றாள் ஜெனிட்டா.

காத்திருப்பவர்களால் நாற்காலிகள் நிரம்பியிருந்ததால் உலகம்மாள் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே கொஞ்ச நாளைக்கு இது மேல யாரும் நிக்கக் கூடாதுக்கா. உக்கார வச்சிருங்க."

துரைப்பாண்டி மறுக்கவில்லை. பட்டுப் பிரிவில் நாற்காலி போட்டுத் தரையை உட்கார வைத்தார். விற்பனைப் பெண்கள் தரையில்லாமல் நின்றார்கள். இரண்டாம் மாடிக்கு வந்தவர்கள் அண்ணாந்து பார்க்காமலிருக்கப் பழகிக்கொண்டார்கள். கீழே அழுத்த ஒன்றுமில்லாததால் உலகம்மாளின் குதிகால் வலி விட்டுப்போயிற்று. அசதி மட்டும் போகவில்லை. வலி இருந்த இடத்தையும் சேர்த்து அது எடுத்துக்கொண்டது.

ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"அண்ணாச்சி, நானும் கொஞ்ச நேரம் உக்காந்துக்கிடட்டுமா?"

"கடையில உக்காந்திருக்கவங்க எல்லாம் கஸ்டமரு, உலகம்மா. நிக்கவங்கதான் ஸ்டாஃப்."

அவர் அதைக் கோபமில்லாமல்தான் சொன்னார். அவரும் காலையிலிருந்து நின்றுகொண்டுதான் இருந்தார்.

தரை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"அந்த மயில்கழுத்துக் கலரைக் கொஞ்சம் எடுங்க" என்றது.

உலகம்மாள் விரித்துக் காட்டினாள். தரை முந்தானையைத் தடவிப் பார்த்தது.

"இதே கலர்ல, பார்டர் சின்னதா இருக்கா?"

"இருக்கும்மா, காட்டுதேன்" என்று அவள் மேல்தட்டுக்குக் கையை நீட்டினாள்.