பிரதாப் அணைத்த தீ

தீபாவளிக்கு முதல் நாள் காலையிலேயே வினோதா அடுப்பங்கரைத் திரைச்சீலையைக் கழற்றிவிட்டாள். கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்த பேப்பர், பழந்துணி எல்லாவற்றையும் அப்புறப்படுத்தி, எண்ணெய்ச்சட்டிக்கு அளவான மூடியொன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தாள். போன வருசம் மேல் லயத்தில் பலகாரச் சட்டியில் பற்றிய தீ, சுவரோடு சுவராக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளை வரிசையாகத் தின்றுவிட்டுத்தான் ஓய்ந்தது.

"நல்ல நாளும் அதுவுமா நெருப்பு நெருப்புன்னு பேசாத," என்று மாமியார் ராக்காயி முகத்தைச் சுளித்தாள்.

கொழும்பிலிருந்து லீவில் வந்திருந்த கொழுந்தன் பிரதாப்புக்கு ஒரே சிரிப்பு. "அண்ணி தீயணைப்புப் படையே வச்சிருக்காங்க."

நாலு மணிக்கு மேல் ராக்காயி பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போன நேரம், முறுக்கு வெந்துகொண்டிருக்கையில் உள்ளே பிள்ளை அழுதது. வினோதா அடுப்பை நிறுத்தப் போனாள்.

"நான் பாத்துக்கிறேன், போங்க அண்ணி. இது ஒரு வேலையா?"

"கண்ண எடுக்காதீங்க தம்பி. பொகைஞ்சா ஒடனே நிறுத்திருங்க."

பிள்ளையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தவளுக்குக் கருகல் வாடை அடித்தது. ஓடிவந்தாள். பிரதாப் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் யாரோடோ சிரித்துக்கொண்டிருந்தான். அவன் திரும்புவதற்குள் சட்டியில் தீ குப்பென்று எழும்பியது. போனைப் போட்டுவிட்டுத் தண்ணீர் வாளியைத் தூக்கினான்.

"தண்ணி ஊத்தாதீங்க, வீடே போயிரும்." அவள் வாளியைப் பிடித்துத் தள்ள, தண்ணீர் முழுவதும் அவன் காற்சட்டையில் கொட்டியது. கேஸை நிறுத்தி, மூடியைப் பக்கவாட்டில் தள்ளிச் சட்டியை மூடினாள். தீ அடங்கியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் சொந்தக்காரர்கள் வந்து வீடு நிறைந்தது.

"தீ கூரைய தொட்டுருச்சு. நல்லவேளை நான் நின்னேன்," என்றான் பிரதாப். ஈரக் காற்சட்டையை அவன் இன்னும் மாற்றவில்லை.

"எம்மகன் இல்லாட்டி லயமே போயிருக்கும்," என்று ராக்காயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பண்டிகை வீட்டில் வம்பு வேண்டாமென்று வினோதா பலகாரத் தட்டை எல்லோருக்கும் நீட்டினாள்.

"இனிமே பொரிக்கிறப்ப பக்கத்துல ஒரு மூடி வச்சுக்கங்க அண்ணி."

"சரிங்க தம்பி."

வடை சுட உதவுகிறேன் என்று அவன் எழுந்தபோது மட்டும் அவள் வழிமறித்தாள். "வேணாங்க. கீழ் லயத்து ஆளுங்க இப்பதான் வந்தாங்க. அவங்களுக்கும் நடந்தத சொல்லுங்க."

அவன் சந்தோசமாகப் போனான்.