சிவப்புக் கோட்டுக்கு வெளியே

என் அம்மா பிரிஜெட்டுக்கு முப்பது வருஷமாக ஒரே பெருமைதான். சர்ச் பங்குத் திருவிழாவில், பெண்கள் கயிறு இழுக்கும் போட்டியில் ஜெயித்த டீமுக்குக் கடைசி ஆளாக நின்று பிடித்தது அவளாம். வீட்டில் யாரும் நம்பியதில்லை. பேப்பரில் வந்த டீம் போட்டோவில் ஏழு பேர்தான் இருந்தார்கள்; கீழேயும் அந்த ஏழு பெயர்கள்தான், அம்மா இல்லை. "நீ எங்கம்மா இதுல? கேமராவுக்குப் பின்னாடியா?" என்று நானே நக்கலடித்திருக்கிறேன்.

எங்கள் பிரேசர் டவுன் வட்டாரத்தில் அந்த வாரப் பேப்பரை நடத்திய ஓஸ்வால்ட் சார் போன வருஷம் இறந்துபோனார். பழைய போட்டோக்களைக் கோயில் ஹாலில் கண்காட்சியாக வைக்க அவர் மகன் க்ளென் முடிவு செய்தார். ஸ்கேன் பண்ணும் வேலை எனக்கு. பேண்டு செட், நாய்க் கண்காட்சி, தண்ணீர் லாரி முன்னால் குடங்கள். பின்பக்கம் 'இடமிருந்து வலம்' என்று பெயர்கள். நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் பெயர் இருந்தது. குடம் பிடித்தவர்களுக்கு இல்லை. அதிலேயே எனக்கு எரிச்சல்.

அப்புறம் கயிறு போட்டோ வந்தது. அச்சில் எதுவரை வர வேண்டும் என்று ஒரிஜினலில் சிவப்புப் பென்சில் கோடு. கோட்டுக்குள் டீச்சர்கள், பேங்க் உத்தியோகக்காரிகள். கோட்டுக்கு வெளியே, குதிகாலை மண்ணில் ஊன்றிப் பல்லைக் கடித்துக்கொண்டு, ஜீவனஹள்ளி ஸ்கூல் ஆயா. என் அம்மா.

"முழு போட்டோவையும் வைக்கணும் சார்" என்றேன்.

"ஃப்ரேம் எல்லாம் ரெடி, நிக்கோல். பேப்பர்ல வந்த மாதிரியே இருக்கட்டும்."

"உங்க அப்பா வெட்டினார்னு எங்க அம்மா இன்னும் வெளியவே நிக்கணுமா?"

அவர் ஃப்ரேம்களைத் துடைக்கப் போய்விட்டார். நான் முழுசாக, பெரிதாகப் பிரின்ட் போட்டு, ஃப்ரேம் இல்லாமல் க்ளிப் போட்டு மாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அம்மா வந்தாள். கூடவே அன்றைய டீம் கேப்டன் சோஃபியா டீச்சர். அன்று தோற்ற காக்ஸ் டவுன் டீமின் உஷா ஆன்ட்டியும் வந்திருந்தார். அம்மா சந்தோஷப்படுவாள் என்று காத்திருந்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உஷா ஆன்ட்டி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கிட்டே போனார். "பிரிஜெட், உன் பின்னாடி இது என்ன?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். அம்மாவைத் தாண்டிப் போன கயிறு, ஃபுட்பால் கோல் கம்பத்தில் இரண்டு சுற்று சுற்றியிருந்தது. ஸ்கேன் பண்ணும்போது நான் அவள் முகத்தை விட்டு வேறெதையும் பார்க்கவில்லை.

"முப்பது வருஷமா என் டீம் பொண்ணுங்களைத் தெம்பில்லாததுங்கன்னு திட்டிட்டிருக்கேன்" என்றார் உஷா ஆன்ட்டி.

"எனக்குத் தெரியாதும்மா. நான் முன்னாடி நின்னேன்" என்றார் சோஃபியா டீச்சர்.

"தெரியாதா? 'சுத்துடி, சீக்கிரம்'னு சொன்னது யாரு டீச்சர்?" என்றாள் அம்மா.

நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். "அப்போ உன்னை வெட்டினது?"

"நான்தான் ஓஸ்வால்ட் சார்கிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன், கம்பத்தை மட்டும் வெட்டிடுங்க சார்னு. கம்பத்தோட என்னையும் சேர்த்து வெட்டிட்டாரு."

"பேரையுமா வெட்டச் சொன்ன?"

"பேரை எதுக்குடி வெட்டச் சொல்றேன்?" அவள் சிரிக்கவில்லை.

க்ளென் தயங்கித் தயங்கி வந்தார். "எடுத்துடலாமா ஆன்ட்டி?"

அம்மா போட்டோவைப் பார்த்தாள். உஷா ஆன்ட்டியைப் பார்த்தாள். "எடுக்காதீங்க. இருக்கட்டும்."

"ஜெயிச்ச கப்பு எங்க இருக்கு?" என்று கேட்டார் உஷா ஆன்ட்டி.

"என் ஷோகேஸ்ல" என்றார் சோஃபியா டீச்சர், மெதுவாக.

"நாளைக்கு வர்றேன். காபி போட்டு வை."

போட்டோவின் கீழே, பேப்பரில் வந்தபடியே க்ளென் ஒட்டியிருந்த அட்டையில் ஏழு பெயர்கள் இருந்தன. ஸ்கெட்ச் பேனாவை எடுத்து அவற்றுக்குப் பக்கத்தில் எழுதினேன்: பிரிஜெட், கோல் கம்பம்.

அம்மா படித்துப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் பெரிசா எழுதியிருக்கலாம்" என்றாள்.