சிரம்பானில் பிறந்த தலைவி

பாலையடிக் குடியேற்றத்தில் மாதர் சங்கத்திற்குத் தலைவி தெரிவு செய்த அன்று, நாற்பத்தைந்து பெண்களில் அழகம்மாவையும் சேர்த்து முப்பத்தொரு பேர் அவளுக்குக் கையுயர்த்தினார்கள். மிச்சப் பதினான்கு கைகள் விமலேஸ்வரிக்கு. 1982ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். நாட்டுக்கு ஜனாதிபதியைத் தெரிவு செய்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. அந்தத் தேர்தலில் அழகம்மாவுக்கு வாக்குரிமை இல்லை. அவளுக்குக் கையுயர்த்தியவர்களில் ஒருத்திக்குக்கூட இல்லை.

அவர்கள் எல்லோரும் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத் தோட்டங்களிலிருந்து அடித்து விரட்டப்பட்டு, செட்டிகுளத்துக் காட்டோரம் வந்து குடிசை போட்டவர்கள். அழகம்மா மாத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து வளர்ந்தவள். குடியிருந்த லயம் எரிந்தபோது புருசன் கணபதியோடும் நிறைவயிற்றோடும் லொறியேறி வந்தாள். வந்து இரண்டாம் மாதம் வவுனியா ஆஸ்பத்திரியில் இராசமலர் பிறந்தாள்.

விமலேஸ்வரியின் குடும்பம் அதற்கு இருபது வருடம் முந்தியே யாழ்ப்பாணத்துச் சங்கானையிலிருந்து வந்தது. அரசாங்கம் கொடுத்த காணி, வாய்க்கால் தண்ணீர், ஓட்டு வீடு. கணபதி அவர்களுடைய வயலில்தான் கூலிக்கு நின்றான்.

முந்திய வருடம் குளத்துத் தண்ணீர் குடித்துக் குடிசைப் பக்கம் இரண்டு பிள்ளைகள் வயிற்றோட்டத்தில் செத்தன. அழகம்மா ஏழு தடவை அரசாங்கக் கந்தோருக்கு நடந்தாள். ஏழாம் தடவை உத்தியோகத்தரின் ஜீப்புக்கு முன்னால் குந்திவிட்டாள். கிணறு வந்தது. அந்தக் கிணற்றுக்காகத்தான் அவ்வளவு கைகளும் உயர்ந்தன.

சங்கத்தைப் பதிய வந்திருந்த யோகலிங்கம் இளம் உத்தியோகத்தன். சிரித்தபடி அழகம்மாவின் பெயரை எழுதத் தொடங்கினான்.

"தம்பி, ஒருக்கா நில்லுங்கோ," விமலேஸ்வரி எழும்பினாள். "சங்கத்தின்ர யாப்பை வாசிச்சுப் பாருங்கோ. பதவிக்கு வாறவை இலங்கைப் பிரசையா இருக்கோணும்."

யோகலிங்கம் தாளைப் புரட்டினான். சிரிப்புப் போய்விட்டது.

"ஓம், அப்பிடித்தான் கிடக்கு. அக்கா, உங்களிட்டப் பிரசாவுரிமைப் பத்திரம் இருக்கோ?"

"பொறந்த பதிவு இருக்குங்க. தோட்டத்துல பதிஞ்சது. எடுத்துட்டு வரவா?"

"பிறந்தது மட்டும் காணாது அக்கா. உங்கட அப்பா இலங்கையில பிறந்தவரோ?"

அழகம்மா பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை.

"எங்கப்பா மாயாண்டி இந்தியாவுல, மண்டபம் காம்புல பொறந்தவருங்க. பாட்டி கப்பலுக்குக் காத்துக் கெடந்தப்ப. ஆறு நாள் புள்ளையா இந்தக் கரைக்கு வந்தாரு. அம்பது வருசம் இங்க மண்ணைக் கொத்துனாரு. இங்கதான் பொதைச்சோம்."

"ஆறு நாள்," என்று யோகலிங்கம் தனக்குள் சொன்னான். பிறகு அவள் பெயரை ஒரு கோட்டால் வெட்டினான். "மற்றவாவின்ர விபரத்தைச் சொல்லுங்கோ. பிறந்த இடம்?"

விமலேஸ்வரி சேலைத் தலைப்பை இழுத்துவிட்டாள்.

"சிரம்பான்."

"அது எங்க?"

"மலாயாவில. அப்பா அங்க ரயில்வேயில கிளாக்கர். ஆனா அவர் சங்கானையில பிறந்தவர். அவற்ற தேப்பனும் சங்கானைதான்."

"அப்பச் சரி," என்று அவன் எழுதினான்.

பின்வரிசையிலிருந்து வடிவம்மா சத்தம் போட்டாள். "இது என்னங்க ஞாயம்? கடலுக்கு அங்கிட்டுப் பொறந்தவங்க இந்த நாட்டுக்காரவுங்க, இங்கனயே பொறந்தவ அந்நியமா?"

"சட்டம் நான் எழுதினதே?" விமலேஸ்வரியின் குரலும் உயர்ந்தது. "பிறந்த இடத்தைப் பாத்துப் ஆருடைய பிள்ளை எண்டு சொல்லுறதே? கப்பலில பிறந்தவன் கடலுக்குச் சொந்தக்காரனே? தேப்பன், தேப்பன்ர தேப்பன், அதுதான் வேர்."

"எம்மக வவுனியாவுல பொறந்தாளே. அவளுக்கு?" அழகம்மா யோகலிங்கத்தைத்தான் கேட்டாள்.

"தகப்பனுக்கு இல்லாட்டிப் பிள்ளைக்கும் இல்லை அக்கா." அவன் நிமிரவில்லை. "ஆனா நீங்கள் அங்கத்தவரா இருக்கலாம். அதுக்கு ஒரு தடையுமில்லை. நாற்பது பேர் இருந்தாத்தான் பாலர் பாடசாலை தருவினம்."

அழகம்மா மேசையருகே வந்தாள்.

"தலையெண்ணிக்கைக்கு நாங்க வேணும். தலைவியா இருக்க நாங்க ஆவமாட்டோம். எம் பேரை அடிச்சுருங்க தம்பி."

அவள் வெளியே போனாள். அவளுக்குப் பின்னால் முப்பது பெண்களும் ஒருத்தி மிச்சமில்லாமல் எழுந்து போனார்கள். பதினான்கு பேரோடு சங்கம் பதியப்படவில்லை. பாலர் பாடசாலை ஓமந்தைப் பக்கம் ஒரு கிராமத்திற்குப் போயிற்று.

அந்தப் போகம் கணபதியை வயலுக்கு யாரும் கூப்பிடவில்லை. அவன் காட்டில் விறகு வெட்டினான். அழகம்மாவை ஒரு சொல் கேட்கவில்லை. வடிவம்மாதான் கேட்டாள். ஆறு வயதில் பள்ளிக்கூடம் போன அவளுடைய பையன், ஒரு எழுத்தும் தெரியாமல் அடி வாங்கி வந்த நாளில், கிணற்றடியில் வைத்துக் கேட்டாள்.

"ஓன் ரோசத்துக்கு எம்புள்ளையில்ல அடி வாங்குது."

இராசமலரும் அதே வகுப்பில் அதே அடியை வாங்கிக்கொண்டிருந்தாள். அழகம்மா வாளியை இழுத்தாள்.

அந்தக் கூட்டம் நடந்து ஏழு வருடம் போனது. எண்பத்தொன்பதில், நாடற்றவர்களுக்குச் சத்தியக் கடதாசி கொடுத்தால் பிரசாவுரிமை உண்டு என்று சட்டம் மாறி, கிராம சேவகர் வீட்டு வாசலில் வரிசை நின்றது. அழகம்மா வாங்குப் பலகையில் இருந்தாள். பக்கத்தில் வந்து இருந்தது விமலேஸ்வரி. நரைத்து, மெலிந்து போயிருந்தாள். பாஸ்போட்டுக்குக் கையெழுத்து வாங்க வந்திருந்தாள்.

"மகள் அமெரிக்காவில எல்லே. பேரன் பிறந்திருக்கிறான்," அவள் தானாகவே கதைத்தாள். "தாய் தேப்பனுக்கு இன்னும் விசாதான். ஆனா பெடியன் பிறந்த அண்டைக்கே அந்த நாட்டுப் பிரசையாம். வளந்தா ஜனாதிபதியாக்கூட வரலாமாம். மருமகன் எழுதியிருக்கிறார்."

"அப்பன் எங்க பொறந்தான்னு கேக்க மாட்டாங்களா?"

"ஒருத்தரும் கேக்கேல்லையாம். அங்க பிறந்தாக் காணுமாம். நல்ல சட்டம், என்ன?"

அழகம்மா அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். அதில் குத்தலும் இல்லை, கூச்சமும் இல்லை. அந்தக் கூட்டம் விமலேஸ்வரிக்கு மறந்தே போயிருந்தது. அழகம்மா விறகு சுமக்கும்போதும் நாற்று நடும்போதும் எத்தனையோ தடவை இவளுக்குச் சொல்லவென்று வசனம் கட்டி வைத்திருந்தாள். மறந்துபோன ஒருத்தியிடம் அதில் எதைச் சொல்வது?

"நான் போனாப் பிறகு வயலைக் கணபதி பாத்துக்கொள்ளுவானோ?" விமலேஸ்வரி கேட்டாள். "கூலி ஒழுங்காக் குடுப்பிப்பன்."

"கேட்டுச் சொல்றேங்க."

சொன்ன பிறகுதான் அந்த 'ங்க' அழகம்மாவின் நாக்கில் வேப்பங்காயாய்க் கசந்தது. உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போய், காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தாள்.

பிரசாவுரிமைப் பத்திரம் கைக்கு வர இன்னும் ஐந்து மாதம் ஆனது. அதற்குள் கணபதி அந்த வயலில் விதைத்துவிட்டான்.