திறந்துகொண்ட பூட்டு

பீர் என்று நாங்கள் கும்பிடும் மகானின் தர்காவில், சமாதியைச் சுற்றியுள்ள பித்தளை வலையில் பூட்டு மாட்டி வேண்டிக்கொள்வது வழக்கம். பூட்டு தானாகத் திறந்துகொண்டால் பீர் கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். அப்புறம் அதையே மறுபடி கேட்கக் கூடாது. கேட்டால் பீரையே சந்தேகப்பட்ட மாதிரி. பூட்டு விற்கிறவன் நான்தான். தொழில் ரகசியத்தையும் சொல்லிவிடுகிறேன், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? எல்லாம் மட்டமான கராச்சிச் சரக்கு. ஒரே சாவி எல்லாவற்றையும் திறக்கும்.

ரஜப் மாதத்தில் சுற்றுலாக் கம்பெனி ஒன்று தர்காவை எடுத்துக்கொண்டது. ஏசி பஸ்ஸில் வருகிறவர்கள் படம் எடுக்க வலை பளபளவென்று இருக்க வேண்டுமாம். பூட்டுகளை வெட்டினால் வலையில் கீறல் விழும், நீயே திறந்து கொடு, கடையை நீயே வைத்துக்கொள் என்றான் மேனேஜர் தானிஷ். நானும் மண்டையை ஆட்டினேன். புத்தி எங்கே மேயப் போயிற்றோ! காலை முழுக்கத் திறந்து திறந்து கூடையில் போட்டேன். மூலையில் இருந்த ஒன்றைத் திறந்தேனே தவிர, எடுக்க விட்டுப்போயிற்று.

அது மீன்காரி சோமரியுடையது. அவள் புருஷன் பச்சல் மீன்பிடிக்கப் போன இடத்தில் கடல் எல்லையைத் தாண்டி, ஆறு வருஷமாக இந்திய ஜெயிலில் இருக்கிறான். வியாழன்தோறும் வந்து அந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அந்த வியாழனும் வந்தாள். மற்ற பூட்டையெல்லாம் கம்பெனிக்காரன் எடுத்துவிட்டான், தன்னுடையதை மட்டும் பீர் காப்பாற்றித் திறந்திருக்கிறார் என்று நம்பிவிட்டாள். அழுதாள், சிரித்தாள், என் வாயில் கல்கண்டைத் திணித்தாள். கடை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன், பாவி.

விடுதலையானவர்கள் வந்து இறங்கும் கராச்சி ரயில் நிலையத்தில், புருஷனுக்குப் புதுச் சட்டையோடு அவள் காத்துக் கிடந்ததாக ஊர்க்காரர்கள் சொன்னார்கள். இரண்டு தடவை ஆட்கள் வந்து இறங்கினார்கள். பச்சல் இல்லை.

நாலு மாதம் கழித்து நேரே என் கடைக்கு வந்தாள்.

"மறைக்காமச் சொல்லுண்ணே. என் பூட்டைத் தொறந்தது பீரா, மனுசனா?"

"நான்தான் சோமரி. சாவி போட்டு நான்தான் தொறந்தேன்."

அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் தேவலை. அவள் முகமோ தெளிந்துவிட்டது.

"அப்ப பீரு இன்னும் பதிலே சொல்லல. திரும்பக் கேக்கலாம். கேக்கவே கூடாதுன்னு நாலு மாசமா வாயைக் கட்டிட்டுக் கெடந்தேனே, கிறுக்கி! ஒரு பூட்டு குடுண்ணே."

பஸ்ஸில் வருகிறவர்கள் ஞாபகத்துக்கு வீட்டுக்கு வாங்கிப்போகிற பூட்டில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவள் உள்ளே ஓடினாள். விஷயத்தைச் சொல்ல வாய் வராமல் நானும் பின்னாலேயே போனேன்.

வலைக்கு முன்னால் இப்போது கம்பெனி வைத்த ஆளுயரக் கண்ணாடித் தடுப்பு. சோமரி அதை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை தடவிப் பார்த்தாள். விரல் நுழைய இடமில்லை. படத்தில் விழுகிறாய், கொஞ்சம் தள்ளு என்று யாரோ சொன்னார்கள். தள்ளி நின்றாள்.

"எங்கண்ணே மாட்டுறது?"

"இனிமே மாட்ட முடியாதும்மா."

கையிலிருந்த பூட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப அவரு வீட்டுக்கு வரவே மாட்டாராண்ணே?"